ஒப்பந்த ஓவியங்கள்ல இருக்கிற கைகளை எவ்வளவு தூரம் நம்பலாம்?

நீங்க கேட்டது இது தான்: கடலூர் ஓ.டி.ல உங்க தாத்தா வீட்டுக் கூடத்துல ஒரு பழைய அச்சுப் படம் மாட்டியிருக்கு, அதுல ஒரு வெள்ளைக்கார துரை ரெண்டு சின்னப் பசங்களோட கையைப் பிடிச்சிருக்கார், அது திப்பு சுல்தானோட பிள்ளைங்கன்னு வீட்ல சொல்லுவாங்க, இந்த மாதிரி சமாதான ஒப்பந்தப் படங்கள்ல கையை நீட்டுறது, தோள்ல வைக்கிறது, விரல தூக்குறது இதுக்கெல்லாம் நம்ம கோயில் சிலை முத்திரை மாதிரி தீர்மானமான அர்த்தம் இருக்கா, இல்ல ஓவியர் அழகுக்காக வரைஞ்சதா. இதுக்குள்ள ரெண்டு கேள்வி ஒளிஞ்சிருக்கு. ஒண்ணு, அந்தக் கைய பார்த்தா அந்தக் காலத்து ஆளுங்களுக்கு ஏதாவது புரிஞ்சிருக்குமா. இன்னொண்ணு, அன்னிக்கு அந்த இடத்துல நிஜமாவே அப்படித் தான் நடந்துச்சா. முதல் கேள்விக்கு பெரும்பாலும் ஆமான்னு தைரியமா சொல்லலாம். ரெண்டாவதுக்கு ஒவ்வொரு படத்துக்கும் தனித்தனியா தான் பதில் சொல்ல முடியும், அதுல தான் நெட்ல நிறைய பேர் கோட்டை விடுறாங்க.

நான் யாருன்னு சொல்லிடறேன். பாண்டில ஓவியம் படிக்கிற பசங்களுக்கு கலை வரலாறு பாடம் எடுத்தே ரிட்டயர் ஆனவன். ஐரோப்பிய ஓவியம் தான் என் பாடம். முகலாய ஓவியம் பத்தி கீழ சொல்றது அந்தத் துறைக்காரங்க எழுதினத படிச்சு தெரிஞ்சிக்கிட்டது, அந்தப் பகுதிய அந்த அளவுக்கு எடுத்துக்குங்க. அதே மாதிரி இதுல முக்காவாசி படத்த நான் நல்ல பிரதியில பார்த்தது தான், நேர்ல நின்னு பார்த்தது கம்மி.

முத்திரை விஷயத்த முதல்ல முடிச்சிடலாம். நம்ம சிற்பத்துல அபயம்னா உள்ளங்கை வெளியில, விரல் மேல, வரதம்னா விரல் கீழ, இத சிற்பி இஷ்டத்துக்கு மாத்த முடியாது, சாஸ்திரம் இருக்கு. ஐரோப்பாவுல அவ்வளவு இறுக்கமான விதி கிடையாது. ஜான் புல்வர்னு ஒரு இங்கிலீஷ்காரர் 1644ல கை அசைவுகளையெல்லாம் தொகுத்து படத்தோட ஒரு புத்தகமே போட்டார், ஆனா அது இருக்கிற பழக்கத்த எழுதி வச்சது, ஓவியருங்க அத வச்சிக்கிட்டு தான் வரையணும்னு யாரும் சொல்லல. அதனால ஒரு விரல் மடங்கியிருக்கு, அதுக்குள்ள ஒரு ரகசிய சங்கேதம் இருக்குன்னு வீடியோ போடுறவங்கள நம்பாதீங்க. இன்னொரு பிரபலமான கதை, கைகுலுக்குறது கையில ஆயுதம் இல்லன்னு காட்டுறதுக்காக வந்ததுங்கிறது. கேக்க நல்லா இருக்கு, இருக்கலாமும் கூட, ஆனா அதுக்கு உறுதியான பழைய சாட்சி எதுவும் கிடையாது, பின்னாடி வந்தவங்க யோசிச்சு சொன்ன விளக்கம் தான். கைகுலுக்கல் ரொம்பப் பழசுங்கிறது மட்டும் உறுதி. இராக்ல நிம்ருத்ல கிடைச்ச அசீரிய ராஜா மூணாம் ஷல்மனேசரோட சிம்மாசன மேடையில, கி.மு. 9ஆம் நூற்றாண்டு, அவரும் பாபிலோன் ராஜாவும் வலது கைய பிடிச்சிக்கிட்டு நிக்கிற மாதிரி செதுக்கியிருக்கு. பாபிலோன் ராஜாவுக்கு எதிரா சொந்தத் தம்பியே கலகம் பண்ணப்போ இவர் படையோட போய் உதவினார், அந்த உறவ தான் கல்லுல காட்டியிருக்காங்க. அதுக்கு பல நூறு வருஷம் கழிச்சு ஏதென்ஸ்ல ஏதென்ஸ் ஊருக்கும் சாமோஸ் தீவுக்கும் நடந்த உடன்பாட்ட எழுதின கல்வெட்டுக்கு மேல அத்தீனா தேவியும் ஹேரா தேவியும் கைகுலுக்குறாங்க. ஊருக்குப் பதிலா ஊரோட சாமி, பாருங்க, நம்மாளுங்களுக்கு இது ஆச்சரியமாவே இருக்காது.

நான் பசங்களுக்கு எப்பவும் கைகள மூணு ஜாதியா பிரிச்சு தான் சொல்லிக் குடுப்பேன். சத்தியம் பண்ற கை, பொருள் குடுக்கிற கை, ஆள தொடுற கை. இதுல சத்தியம் பண்ற கைய ஓரளவுக்கு நம்பலாம், ஏன்னா அது சட்ட விஷயம், தப்பா வரைஞ்சா அங்க இருந்தவங்களே சண்டைக்கு வருவாங்க. குடுக்கிற கையில பொருள் பெரும்பாலும் நிஜம், குடுத்த விதம் சந்தேகம். தொடுற கை இருக்கே, அது தான் ஓவியருக்கு ரொம்பப் பிடிச்ச கை, அங்க தான் கற்பனை ஜாஸ்தி. இது மோட்டாவான கணக்கு தான், உங்க திப்பு படமே இந்தக் கணக்க உடைக்குது, அதுக்கு வரேன்.

சத்தியக் கைக்கு முதல்ல பார்க்க வேண்டிய படம் கெரார்ட் டெர் போர்க்னு ஒரு டச்சு ஓவியர் 1648ல வரைஞ்சது, ஜெர்மனில மியூன்ஸ்டர் ஊர்ல ஆன ஒப்பந்தம் உறுதியான காட்சி. ஸ்பெயினுக்கும் டச்சுக்காரங்களுக்கும் எண்பது வருஷமா நடந்த சண்டை அதோட தான் முடிஞ்சது. படம் லண்டன் நேஷனல் கேலரியோடது, செப்புத் தகட்டுல வரைஞ்சது, அகலம் ரெண்டடிக்கும் கொஞ்சம் கம்மி தான், அதுக்குள்ள அம்பது பேருக்கு மேல முகம் தெரியுற மாதிரி நிக்கிறாங்க, ஓவியரும் இடது ஓரத்துல நின்னு நம்மள பார்க்கிறார். நடுவுல மேஜை. ஒரு பக்கம் டச்சு தூதர்கள் வலது கைய தூக்கி ரெண்டு விரல நீட்டியிருக்காங்க. இன்னொரு பக்கம் ஸ்பெயின் தூதர் பென்யராண்டா பிரபுவும் அவரோட கூட வந்தவரும் பைபிள் மேல, அதுல இருக்கிற சிலுவை மேல கைய வச்சிருக்காங்க. ஸ்பெயின்காரங்க கத்தோலிக்கர், வேதப் புத்தகத்தையும் சிலுவையையும் தொட்டு தான் சத்தியம் பண்ணுவாங்க. டச்சுக்காரங்க பிராட்டஸ்டண்ட், அவங்களுக்கு சிலுவைய தொடுறது ஒத்து வராது, விரல தூக்குறது தான் அவங்க ஊர் வழக்கம், இன்னிக்கும் நெதர்லாந்துல பதவிப் பிரமாணத்துல அந்த ரெண்டு விரல பார்க்கலாம். அதாவது ரெண்டு மதம், ரெண்டு சத்தியம், ஒரே மேஜை. எந்தப் பக்கமும் இன்னொரு பக்கத்தோட முறைக்கு இறங்கிப் போகல, அது தான் அந்த ஒப்பந்தத்தோட சாரமே. இது வரைக்கும் உறுதி.

ஆனா அதே படத்துல ஒரு சின்ன வேலை நடந்திருக்கு. அன்னிக்கு எழுதின குறிப்புகள் படி ஸ்பெயின்காரங்க முதல்ல சத்தியம் பண்ணாங்க, அப்புறம் தான் டச்சுக்காரங்க. படத்துல ரெண்டு பேரும் ஒரே நேரத்துல பண்றாங்க. ஓவியர் அந்த மண்டபத்த, துணிமணிய, முகங்கள எல்லாம் அப்படி கவனமா வரைஞ்சவர், முன்ன பின்ன நடந்தது அவருக்கு தெரியாம இருக்காது. முதல்ல யாருங்கிற பிரச்சனைய படத்துல இருந்து எடுத்துட்டார், ரெண்டு நாடும் சமம்னு ஆயிடுச்சு. கையோட வடிவம் நிஜம், நேரம் மட்டும் மாறியிருக்கு. இந்த மாதிரி மாத்தத்த கண்டுபிடிக்கிறதுக்கு படத்த மட்டும் உத்துப் பார்த்தா போதாது, எழுத்துக் குறிப்பு வேணும், அத அழுத்தி சொல்றேன்.

இன்னொரு விஷயம், இந்த ஒப்பந்தத்துல கையெழுத்து ஜனவரி மாசமே ஆயிடுச்சு, ஓவியர் வரைஞ்சது மே 15ஆம் தேதி நடந்த சத்தியத்த. நமக்கு இப்போ கையெழுத்து போட்டா தான் முடிஞ்சதுன்னு பழக்கம், டிவில ரெண்டு தலைவர் பேனாவ மாத்திக்கிறத பார்த்துப் பார்த்து. அவங்களுக்கு சத்தியம் தான் கனம். பேனா பிடிச்ச கை படத்தோட நடுவுக்கு வர்றது பின்னாடி தான், அதுக்கு நல்ல உதாரணம் வில்லியம் ஆர்ப்பென் வரைஞ்ச 1919 வெர்சாய் ஒப்பந்தப் படம், அதுல ஜெர்மன்காரர் ஒருத்தர் குனிஞ்சு கையெழுத்து போடுறார், ஜெயிச்சவங்க எல்லாம் எதிர்ல வரிசையா உட்கார்ந்திருக்காங்க, யாரும் யாரையும் தொடல.

தொடுற கைன்னா வெலாஸ்கெஸ் வரைஞ்ச பிரெடா சரணடைவு படத்த பார்த்தே ஆகணும், மாட்ரிட்ல பிராடோல இருக்கு, 1634-35. கறாரா சொன்னா அது சமாதான ஒப்பந்தம் இல்ல, கோட்டைய ஒப்படைக்கிறது, ஆனா இந்த வகைப் படங்களுக்கெல்லாம் அது தான் பெரியண்ணன். டச்சுக் கோட்டைத் தளபதி ஜஸ்டின் சாவிய நீட்டிக்கிட்டு குனியுறார், ஜெயிச்ச தளபதி ஸ்பினோலா குதிரையில இருந்து இறங்கி நின்னு அவரு தோள்ல கைய வச்சு, மண்டி போடாதீங்கன்னு தடுக்கிற மாதிரி நிக்கிறார். தோத்தவன அவமானப்படுத்தாத ஜெயிப்பு, இத விட அழகா யாரும் வரைஞ்சதில்லன்னு தான் எனக்கு தோணுது. நடந்ததா? 1625ல பிரெடா சரணடைஞ்சப்போ நிபந்தனைகள் நிஜமாவே தாராளமா தான் இருந்துச்சு, தோத்த படை ஆயுதத்தோட கொடியோட வெளிய போக அனுமதிச்சாங்க, ஸ்பினோலா மரியாதையா நடந்துக்கிட்டார்ங்கிறதும் பதிவாகியிருக்கு. ஆனா சாவி குடுத்த காட்சி ஒரு ஸ்பானிய நாடகத்துல இருந்து வந்ததுன்னு தான் ஆய்வாளர்கள் சொல்றாங்க. வெலாஸ்கெஸ் அங்க இல்ல, படம் வரையுறப்போ ஸ்பினோலா உயிரோடவே இல்ல, 1630லயே செத்துட்டார். ஆனா 1629ல ரெண்டு பேரும் ஒரே பயணத்துல இத்தாலிக்கு போனவங்க, அதனால அந்த முகம் தெரிஞ்ச முகம், அந்தக் குணம் கூட தெரிஞ்ச குணமா இருக்கலாம், இது என் யூகம். படத்த மாட்டினது ஸ்பெயின் ராஜாவோட அரண்மனை மண்டபத்துல, அவரோட வெற்றிகள வரிசையா காட்டுற இடத்துல. அப்போ அந்தத் தோள்ல இருக்கிற கை யாரப் பத்தி பேசுது? தோத்தவனப் பத்தி இல்ல, எங்க ராஜா எவ்வளவு பெரிய மனசுக்காரர் பாருங்கன்னு பேசுது. படம் மாட்டி ரெண்டே வருஷத்துல, 1637ல, டச்சுக்காரங்க பிரெடாவ திருப்பி பிடிச்சிட்டாங்க, அது வேற கதை.

தொடுறதுலயே உச்சம் நம்ம நாட்டு படம் ஒண்ணு இருக்கு. ஜஹாங்கீர் பாதுஷா பாரசீக ஷா அப்பாச கட்டிப் பிடிக்கிற மாதிரி அபுல் ஹசன் 1618 வாக்குல வரைஞ்சது, இப்போ வாஷிங்டன்ல ஃப்ரீர் கேலரில இருக்கு. இந்த ரெண்டு பேரும் வாழ்க்கையில ஒரு தடவ கூட சந்திச்சதில்ல. படத்துலயே எழுதியிருக்கு, பாதுஷா கண்ட கனவுன்னு. ஜஹாங்கீர் பெரிய உருவமா சிங்கத்து மேல நிக்கிறார், ஷா கொஞ்சம் ஒடுங்கி ஆட்டுக்குட்டி மேல நிக்கிறார், கீழ பூமி உருண்டை, சிங்கமும் ஆடும் ஒண்ணா படுத்திருக்கு, அட எவ்வளவு சமாதானம்னு நினைச்சிக்கிட்டே நல்லா கீழ பார்த்தீங்கன்னா அந்தச் சிங்கம் ஆட்ட மேற்குப் பக்கமா பாரசீகத்துக்கும் வெளிய நெட்டித் தள்ளிக்கிட்டு இருக்கு. மேல அணைப்பு, கீழ தள்ளு. கனவுன்னு எழுதி வச்சதால இவங்க பொய் சொன்னாங்கன்னும் சொல்ல முடியாது. அதுக்கப்புறம் 1622ல ஷா அப்பாஸ் ஜஹாங்கீர் கையில இருந்த காந்தகார் ஊரையே பிடிச்சிக்கிட்டுப் போயிட்டார்.

இப்போ உங்க தாத்தா வீட்டுப் படம். மூணாவது மைசூர் சண்டை முடிவுல, 1792 பிப்ரவரி 26ஆம் தேதி, ஸ்ரீரங்கப்பட்டணம் பக்கத்துல இங்கிலீஷ் கவர்னர் ஜெனரல் கார்ன்வாலிஸோட கூடாரத்துக்கு திப்புவோட ரெண்டு பிள்ளைங்கள பிணையா அனுப்பி வச்சாங்க. அப்துல் காலிக், முயிசுதீன், பத்து வயசு, எட்டு வயசு பசங்க. திப்பு தன் ராஜ்யத்துல பாதியும் 3 கோடியே 30 லட்ச ரூபாயும் குடுக்கணும், குடுத்து முடிக்கிற வரைக்கும் பசங்க இங்கிலீஷ்காரங்க கிட்ட இருக்கணும், இது தான் பேச்சு. முழு ஒப்பந்தம் மார்ச்ல தான் கையெழுத்தாச்சு, அதனால உங்க படத்துல இருக்கிறது ஒப்பந்தம் கூட இல்ல, ஒப்பந்தத்துக்கான ஜாமீன். இந்தக் காட்சிய ராபர்ட் ஹோம், மேதர் பிரவுன், இன்னும் ரெண்டு மூணு பேர் வரைஞ்சிருக்காங்க. ஹோம் சேனையோடவே போன ஓவியர், தன்னையும் படத்துக்குள்ள வரைஞ்சிக்கிட்டார். மேதர் பிரவுன் இந்தியாவுக்கே வராம லண்டன்ல உட்கார்ந்து வரைஞ்சவர். ரெண்டு பேரும் நடுவுல வச்சது ஒண்ணே தான், துரை பசங்க கிட்ட அன்பா கைய குடுக்கிறது.

தொடுற கை பெரும்பாலும் கற்பனைன்னு மேல சொன்னேன் இல்ல, இங்க அது நிஜம். கூட இருந்த மேஜர் டிரோம்ங்கிறவர் எழுதி வச்சிருக்கார், பசங்க யானையில இருந்து இறங்கினதும் கார்ன்வாலிஸ் கூடார வாசலுக்கே வந்து கட்டிப் பிடிச்சு, ஒரு கைக்கு ஒரு பையனா பிடிச்சு உள்ள கூட்டிட்டுப் போனாராம். திப்புவோட வக்கீல், அதாவது தூதர், குலாம் அலி, இன்னிக்கு காலையில வரைக்கும் இவங்க என் எஜமானோட பிள்ளைங்க, இனிமே நீங்க தான் அப்பா ஸ்தானம்ங்கிற மாதிரி பேசியிருக்கார். அப்புறம் பசங்களுக்கு ஆளுக்கொரு தங்கக் கடிகாரம் குடுத்தது, எல்லாருக்கும் வெத்தல பாக்கும் அத்தரும் குடுத்தது, இதெல்லாம் நடந்திருக்கு. இத்தனையும் நடந்ததுல எத நடுவுல வரைஞ்சாங்கன்னு பாருங்க. வெத்தல பாக்கு நம்மூர் வழக்கத்துல பேச்சு முடிஞ்சதுக்கு அடையாளம், கை மாத்தி வாங்கிட்டா அப்புறம் பின்வாங்கக் கூடாது, அத நடுவுல வச்சு வரைஞ்சிருந்தா ரெண்டு அரசுக்கு நடுவுல நடந்த ஒப்பந்தமா தெரிஞ்சிருக்கும். கைய பிடிச்சத வரைஞ்சதால அப்பாவும் பிள்ளையுமா ஆயிடுச்சு. பாதி ராஜ்யமும் மூணு கோடியும் படத்துல எங்கயும் இல்ல. பொய்யே சொல்லாம, நடந்ததுல ஒண்ண மட்டும் பொறுக்கி எடுத்தே இவ்வளவு பண்ண முடியும்ங்கிறதுக்காக இந்தப் படத்த நான் வருஷா வருஷம் வகுப்புல போட்டுக் காட்டுவேன். லண்டன்ல அதுக்கு தேவையும் இருந்துச்சு, இதே கார்ன்வாலிஸ் தான் 1781ல அமெரிக்காவுல யார்க்டவுன்ல சரணடைஞ்சவர், அங்க வாளக் குடுக்க நேர்ல வராம உடம்பு சரியில்லன்னு துணைத் தளபதிய அனுப்பினவர். தோத்த பேர இந்தக் கை துடைச்சிடுச்சு. பசங்கள மெட்ராஸ்ல வச்சிருந்து 1794ல திருப்பி அனுப்பிட்டாங்க.

குடுக்கிற கைக்கு ஒரே ஒரு உதாரணம் போதும், அதுவும் உங்க ஊர்க்காரர் மாதிரி தான், ராபர்ட் கிளைவ். தேவனாம்பட்டினம் செயின்ட் டேவிட் கோட்டையில 1756ல துணை கவர்னரா இருந்தவர். 1765 ஆகஸ்ட்ல அலகாபாத்ல ஷா ஆலம் பாதுஷா கிட்ட இருந்து வங்காளம், பீகார், ஒரிசாவோட திவானி உரிமைய வாங்கினார், அதாவது வரி வசூல் பூரா கிழக்கிந்தியக் கம்பெனிக்கு, பாதுஷாவுக்கு வருஷம் 26 லட்சம். பெஞ்சமின் வெஸ்ட் இத ரொம்ப காலம் கழிச்சு வரைஞ்சார், பெரிய மண்டபம், யானை, உயரத்துல பாதுஷா உட்கார்ந்து ஓலைச் சுருள கிளைவ் கையில குடுக்கிறார், பின்னாடி தெரியுற கோபுரம் லண்டன் செயின்ட் பால் சர்ச் சாயல்ல இருக்கு. நடந்தது கிளைவோட கூடாரத்துல, சாப்பாட்டு மேஜை மேல ஒரு நாற்காலிய தூக்கி வச்சு துணி போட்டு அத சிம்மாசனம்னு சொல்லிக்கிட்டாங்கன்னு தான் சொல்லப்படுது. வெஸ்ட் இந்தியாவ கண்ணால பார்த்தவர் இல்ல. சுருள் குடுத்தது அடிப்படையில நிஜம், ஆனா படத்துல பாதுஷா மேல இருந்து மனமுவந்து தர்றார், கிளைவ் கீழ நின்னு பணிவா வாங்குறார். பக்சார் சண்டையில கம்பெனி கிட்ட தோத்துப் போய் வேற வழியில்லாம குடுத்தவர் அவர்ங்கிறது அந்தக் கைய பார்த்தா தெரியவே தெரியாது. பிடுங்கினத தானமா காட்டணும்னா குடுக்கிற கைய மேல வரையணும், இது ஒரு பழைய வித்தை.

இதே வெஸ்ட் வரைஞ்ச இன்னொரு படம் தான் எனக்கு எல்லாத்துலயும் பிடிச்சது. அமெரிக்க சுதந்திரச் சண்டைய முடிக்கிற பேச்சுவார்த்தை, 1783ல ஆரம்பிச்சார். இடது பக்கம் அமெரிக்காக்காரங்க அஞ்சு பேர், ஃபிராங்க்ளின், ஆடம்ஸ், ஜே எல்லாம் இருக்காங்க. வலது பக்கம் காலி. வெறும் பழுப்பு. இங்கிலீஷ் தரப்பு ஆளு ரிச்சர்ட் ஆஸ்வால்ட் ஓவியத்துக்கு உட்கார ஒத்துக்கலன்னு சொல்றாங்க, 1784ல அவர் செத்தும் போயிட்டார், படம் அப்படியே நின்னுடுச்சு. அந்தக் காலி இடத்துக்கு கூட அர்த்தம் சொல்ல ஆளுங்க இருக்காங்க, வெஸ்ட் வேணும்னே விட்டாருன்னு, அத நான் ஒத்துக்க மாட்டேன், முடிக்கத் தான் நினைச்சார், முடியல, அவ்வளவு தான். கடலூர்க்காரங்க இந்தப் படத்த பத்தி தெரிஞ்சிக்கணும், ஏன்னா அமெரிக்கா பக்கம் ஃபிரெஞ்சுக்காரங்களும் சேர்ந்ததால அந்தச் சண்டையோட கடைசி மோதல்கள் உங்க ஊர்ல தான் நடந்துச்சு. பாரிஸ் பக்கம் 1783 ஜனவரி 20ஆம் தேதியே இங்கிலீஷ்காரங்களும் ஃபிரெஞ்சுக்காரங்களும் முதல் கட்ட சமாதானத்துக்கு ஒத்துக்கிட்டாச்சு, ஆனா சேதி கப்பல்ல வரணுமே, ஜூன் மாசம் கடலூர்ல புஸ்ஸியோட ஃபிரெஞ்சுப் படையும் ஸ்டூவர்ட்டோட இங்கிலீஷ் படையும் அடிச்சிக்கிட்டாங்க, ஜூன் 20ல கடல்ல ஃபிரெஞ்சு கப்பற்படைத் தளபதி சுஃப்ரேனும் இங்கிலீஷ் தளபதி ஹியூஸும் மோதினாங்க, செத்தவங்க எல்லாம் சமாதானம் ஆனதுக்கப்புறம் அஞ்சு மாசம் கழிச்சு செத்தவங்க. ஜூன் கடைசில மெடியாங்கிற கப்பல் வெள்ளைக் கொடியோட வந்து தான் நின்னுச்சு. கைகுலுக்கல், சத்தியம், பேனா இதெல்லாம் எங்கயோ நடக்குது, இந்தக் கரையில இருந்தவனுக்கு சமாதானம்னா அந்தக் கொடி தான். பாண்டியும் அப்படித் தான், 1763லயும் 1783லயும் 1814லயும் ஐரோப்பாவுல எழுதின ஒப்பந்தத்தால ஃபிரெஞ்சுக்காரங்களுக்கு திரும்பி வந்த ஊர் இது.

நம்ம பக்கம் இந்த மாதிரி விஷயத்துல சைகைகள் எப்படி இருந்துச்சுன்னு தெரிஞ்சிக்கணும்னா ஓவியத்த விட எழுத்து தான் உதவும். பாண்டி ஃபிரெஞ்சு கவர்னர் டூப்ளெக்ஸுக்கு துபாஷியா, அதாவது மொழிபெயர்ப்பாளரா இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736ல இருந்து 1761 வரைக்கும் எழுதின நாட்குறிப்பு இருக்கே, அதுல எத்தன பீரங்கி போட்டாங்க, யார் எழுந்து வந்து எதிர்கொண்டாங்க, யாருக்கு என்ன வெகுமதி, வெத்தல பாக்கு பன்னீர் யார் கையால வந்துச்சுன்னு மனுஷன் விடாம எழுதியிருக்கார். அவருக்கு அது அலங்காரம் இல்ல, யார் பெரியவங்கிறதுக்கு கணக்கு. அப்புறம் உங்க ஊர்லயே ஒரு அசத்தலான சைகை இருக்கு, 1690ல மராட்டியர் கிட்ட இருந்து இங்கிலீஷ் கம்பெனி தேவனாம்பட்டினம் கோட்டைய வாங்கினப்போ கோட்டையில இருந்து பீரங்கிய சுட்டு குண்டு எது வரைக்கும் விழுதோ அது வரைக்கும் எங்களுதுன்னு எல்லை வச்சாங்க, அந்த ஊர்களுக்கு குண்டு கிராமம்னே பேரு. கைகுலுக்கல விட நேர்மையான சைகைன்னு நான் சொல்லுவேன், எதையும் மறைக்கல.

சுருக்கமா இல்லாம நேரா சொல்றேன், உங்க படத்த நீங்களே எப்படி பார்க்கலாம்னு. முதல்ல ஓவியர் அங்க இருந்தாரா, எத்தன வருஷம் கழிச்சு வரைஞ்சார், யாரு காசு குடுத்தா, எந்தச் சுவத்துல மாட்டினாங்க. அப்புறம் தான் கை. யாரு கை மேல, யாரு கை கீழ, யாரு கை காலியா இருக்கு, யாரு யாரைத் தொடுறா, யாருக்குத் திருப்பி தொட அனுமதி இல்ல. உங்க படத்துல துரை பசங்கள தொடுறார், கூட வந்த வக்கீலோட கை எங்க இருக்குன்னு பாருங்க, அவர் கை தான் ஒப்படைக்கிற கை, அதுல தான் திப்பு தரப்பு இருக்கு. நல்லா வெளிச்சத்துல ஒரு லென்ஸ் வச்சு பார்த்தா இதெல்லாம் தெரியும்.

எந்த ஓவியரோட படம்னு தெரிஞ்சிக்க, அச்சுப் படத்தோட கீழ் விளிம்ப பாருங்க. வழக்கமா படத்துக்கு நேர் கீழ இடது ஓரத்துல பொடி எழுத்துல ஓவியர் பேரும், வலது ஓரத்துல தகட்டுல செதுக்கினவர் பேரும் இருக்கும், நடுவுல தலைப்பும் வெளியிட்ட தேதியும். பலர் ஃபிரேம் போடுறப்போ அந்த ஓரத்த வெட்டிடுவாங்க, இல்லன்னா அட்டைக்குள்ள மறைஞ்சிருக்கும், அதனால பின்பக்கம் ஆணிய மெதுவா எடுத்து பார்க்கணும். படத்த சாய்ச்சு பார்த்தா படத்த சுத்தி தகடு அழுத்தின பள்ளம் ஒரு கோடா தெரிஞ்சா செப்புத் தகட்டு அச்சா இருக்க வாய்ப்பு அதிகம். லென்ஸ்ல சின்னச் சின்னப் புள்ளியா வரிசையா தெரிஞ்சா பின்னாடி காலத்து காலண்டர் அச்சு, அப்படி இருந்தாலும் தூக்கிப் போடாதீங்க. எதுவா இருந்தாலும் தயவு செஞ்சு லேமினேஷன் பண்ணிடாதீங்க, ஈரத் துணியால துடைக்காதீங்க, கடல் காத்து படுற சுவத்துல இருந்து உள் சுவத்துக்கு மாத்துங்க. கீழ் விளிம்புல இருக்கிற எழுத்த போட்டோ எடுத்து போட்டீங்கன்னா மீதிய பார்த்து சொல்றேன்.